முத்திரைத்தாளில் கையெழுத்திடும் முன்: நாட்டியப் பட்டதாரி ஒருவருக்குப் பதில்

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். ஏழு வயதில் உள்ளூர் ஆசிரியை ஒருவரிடம் பரதநாட்டியம் பயிலத் தொடங்கி, பதினைந்தாம் வயதில் அரங்கேற்றம் முடித்து, பின்னர் கல்லூரியிலும் பரதநாட்டியத்தையே முதன்மைப் பாடமாக எடுத்து மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் அவர். கடந்த இரண்டு ஆண்டுகளாக அதே ஆசிரியையின் நாட்டியப் பள்ளியில் வாரத்தில் நான்கு மாலைகள் இளைய மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறார். பள்ளியின் நாட்டிய நாடகங்களில் ஆடுகிறார். இரண்டு குழு உருப்படிகளை, அதாவது குழுவாக ஆடும் நடனங்களை, தாமே அமைத்தும் கொடுத்திருக்கிறார். இதுவரை சம்பளம் என்று எதுவும் இல்லை. வெளியூர் நிகழ்ச்சி என்றால் பயணச் செலவும் சாப்பாடும் கிடைக்கும்.

இப்போது ஆசிரியை முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். அதன்படி மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கப்படும். அதற்கு ஈடாக, பள்ளியை விட்டு விலகினாலும் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த மாவட்டத்தில் வகுப்பு நடத்தக் கூடாது, வேறு குழுவில் ஆடக் கூடாது, இவர் கற்ற உருப்படிகளும் அமைத்த உருப்படிகளும் பள்ளிக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறதாம். இதற்கிடையே, ‘பங்கேற்புக் கட்டணம்’ கட்டினால் மேடையும் விருதும் தருவதாக ஒரு விழா அமைப்பாளரும், வளைகுடா நாட்டு விடுதி ஒன்றில் ஆறு மாதம் கலை நிகழ்ச்சி நடத்த அழைத்துச் செல்வதாக ஒரு முகவரும் அணுகியிருக்கிறார்கள். அப்பாவோ பி.எட். படி அல்லது அரசுத் தேர்வு எழுது என்கிறார். “இருபத்தைந்து வயதுக்குள் மேடை அமையாவிட்டால் அவ்வளவுதான் என்கிறார்கள். குருவிடம் பணம் பேசுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மேடையா, வேலையா, எதை விடுவது?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் வழக்கறிஞர். உங்கள் ஆட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கலைஞர்களின் ஒப்பந்தங்களையும் ஊதியத் தகராறுகளையும் பார்த்துவருகிறவள் என்ற முறையில் உங்கள் கேள்வியைச் சற்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். எதை விடுவது என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. யாரிடம், எந்த நிபந்தனையின் பேரில் உழைப்பது என்பதைத்தான் இன்று முடிவு செய்தாக வேண்டும்.

மேடையும் வேலையும் எதிரெதிர்க் கரைகள் என்ற எண்ணத்தை முதலில் தளர்த்திக்கொள்ளுங்கள். பரதநாட்டியத்தில் தனிக் கச்சேரியை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். அதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, கணக்குதான் காரணம். சபா தரும் தொகையிலிருந்து நட்டுவாங்கம் (தாளமிட்டு, தாளச் சொற்கள் சொல்லி ஆட்டத்தை நடத்துவது), வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் ஆகியோருக்குக் கொடுத்து, ஒப்பனைக்கும் ஒத்திகைக்கும் செலவு செய்தபின் ஆடியவருக்கு மிஞ்சுவது சில வேளைகளில் ஒன்றுமே இருக்காது. நன்கு பெயர் பெற்றவர்களும் வகுப்பு, பயிலரங்கு, நடன அமைப்பு, பிறருக்கு நட்டுவாங்கம் என்று பல வழிகளில் வருவதைச் சேர்த்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆகவே வகுப்பெடுப்பதை மேடை கைகூடாதவரின் கடைசிப் புகலாக எண்ணாதீர்கள். மேடையைத் தாங்கி நிற்பதே பெரும்பாலும் அந்த வகுப்புதான். அதனால்தான் உங்கள் ஆசிரியை நீட்டிய தாள் என்னைக் கவலைப்படுத்துகிறது. அது கட்டுவது உங்கள் வகுப்பெடுக்கும் உரிமையை.

ஒப்பந்தத்தில் எது செல்லும், எது செல்லாது

முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் எல்லாமே செல்லும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படியில்லை. சட்டபூர்வமான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. பள்ளியில் பணியாற்றும் காலத்தில் வேறிடத்தில் வகுப்பெடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றங்கள் அதை ஏற்கும். விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் அதே மாவட்டத்தில் சலங்கை கட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவின்முன் நிற்காது.

செல்லாத நிபந்தனைதானே, கையெழுத்திட்டால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். கையெழுத்திடாதீர்கள். செல்லாது என்று தீர்ப்புப் பெறுவதற்குள் ஒரு வக்கீல் அறிவிப்பும், உங்களிடம் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் காதில் விழும் இரண்டு வதந்திகளும் போதும், புதிதாகத் தொடங்கிய வகுப்பு கலைந்துபோக. சட்டத்தில் வெல்வதும் ஊரில் வெல்வதும் வேறு வேறு.

இதுவரை செய்த பணிக்கு ஊதியம் கேட்க முடியுமா என்பதையும் பட்டும் படாமலும் கேட்டிருக்கிறீர்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் மற்றவருக்காகச் செய்த வேலையின் பயனை அந்த மற்றவர் அனுபவித்தால் ஈடு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்புக் கட்டணம் வசூலிக்கப்பட்டிருக்கிறது, வகுப்பை எடுத்தவர் நீங்கள் என்பது உங்கள் பக்கம். சிஷ்யை என்ற முறையில் விரும்பிச் செய்தார், அது குருசேவை என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டு ஆண்டுகள் நீங்கள் ஒரு சொல்லும் கேட்காமல் இருந்தது அந்த வாதத்துக்கு வலு சேர்க்கும். வழக்குப் போட வேண்டிய விஷயமாக இதை நான் பார்க்கவில்லை. இனி வரும் மாதங்களுக்கான ஊதியத்தைப் பேசும்போது உங்களுக்குப் பின்பலமாக இருக்கும், அவ்வளவே.

குருவிடம் பணம் பேசுவது பாவம் என்பதைப் பற்றி ஒன்று. உங்கள் ஆசிரியை உங்களிடம் மாதாமாதம் கட்டணம் வாங்கித்தான் கற்பித்தார். அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கச் சன்மானமும் பெற்றிருப்பார். அதில் தவறு ஏதுமில்லை. அவரது உழைப்புக்கு விலை இருந்தது போலவே உங்கள் உழைப்புக்கும் உண்டு. அவரே இப்போது முத்திரைத்தாளைக் கொண்டுவந்துவிட்டபின், பேச்சைத் தொடங்கியவர் நீங்கள் என்ற குற்றவுணர்வுக்கும் இடமில்லை. மரியாதையாக, தனியே, வகுப்பு இல்லாத நேரத்தில் பேசுங்கள். விலகிய பிறகான தடை நீங்க வேண்டும். வகுப்புக்கு இவ்வளவு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று தொகை தனித்தனியாக எழுதப்பட வேண்டும். இரு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியானால், அங்கேயே தொடர்வது உங்களுக்கு நல்லதென்றே நினைக்கிறேன். பதினாறு ஆண்டுப் பழக்கத்தை ஒரு மோசமான தாளுக்காக முறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

உருப்படிகள் யாருக்குச் சொந்தம்

இதில் நீங்களும் உங்கள் ஆசிரியையும் ஆளுக்கொரு பக்கம் தவறாக எண்ணியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கற்றதெல்லாம் பள்ளிக்கே சொந்தம் என்கிறார் அவர். சொல்லிக்கொடுத்த எதையும் எங்கும் ஆடலாம் என்கிறீர்கள் நீங்கள்.

அடவுகள் என்னும் அடிப்படை ஆட்ட அசைவுகளும், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான மார்க்கம் என்னும் கச்சேரி வரிசையும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இயற்றிய வர்ணம், ஜதிஸ்வரம் போன்ற உருப்படிகளை யார் வேண்டுமானாலும் ஆடலாம். இசைக்கும் பாடல் வரிகளுக்குமான பதிப்புரிமை, இயற்றியவர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் முடிந்துவிடும். ஆனால் பழைய பாட்டுக்கு உங்கள் ஆசிரியை புதிதாக அமைத்த ஜதிகளும் (தாளச் சொற்கட்டுகளும்) நடன அமைப்பும் வேறு விஷயம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பின் வகையில் சேர்க்கிறது. அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பதிவான அமைப்பை மேடையில் ஆட அவரது அனுமதி வேண்டும். அனுமதியைக் கேட்டு வாங்கி, அறிவிப்பில் அவர் பெயரைச் சொல்வது நம் மரபும்கூட.

அதே நியாயம் உங்கள் இரண்டு குழு உருப்படிகளுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்கும் ஊழியர் பணியின் பகுதியாகப் படைத்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் முதலாளிதான். சம்பளமும் பணி ஒப்பந்தமும் இல்லாமல் நீங்கள் அமைத்தவை உங்களுடையவை. இப்போது கையெழுத்திட்டால் அவற்றையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவராவீர்கள். கொடுப்பதாக இருந்தாலும் என்னென்ன படைப்பு, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன், இன்றிரவே அந்த இரண்டு உருப்படிகளின் ஜதி, அடவு வரிசை, நிலை மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவையுங்கள். நாளை சான்றாக நிற்பது அந்தப் புத்தகமே.

நீங்கள் ஆடிய காணொளிகள் பள்ளியின் யூடியூப் பக்கத்தில் இருப்பதாகவும், விளம்பரம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆடுபவருக்கும் தனியே ஓர் உரிமை உண்டு. அவரது ஒப்புதலின்றி நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் பரப்புவதும் அந்த உரிமையை மீறுவதாகும். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். ஆடியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கோரும் உரிமை 2012 திருத்தத்தில் சேர்ந்தது. கேமரா இருப்பது தெரிந்தும் நீங்கள் ஆடியிருப்பதால் ஒப்புதல் கொடுத்ததாக வாதிட இடமுண்டு. இப்போதைக்குப் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்புத் தேடும் வயதில் பணத்தைவிட அது பயன்படும்.

காசு கொடுத்து மேடை ஏறுவது

வேண்டாம். இலவசமாக ஆடுவதும் கட்டணம் கட்டி ஆடுவதும் ஒன்றல்ல. சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் பெரிய கலைஞர்களும் சன்மானத்தை எதிர்பாராமல் அஞ்சலியாக ஆடுகிறார்கள். அங்கே விண்ணப்பமும் தேர்வும் உண்டு. உங்களை அணுகியவர் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமல் கொடுக்கும் விருதை உதவித்தொகைத் தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்பவர் எப்படி மதிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தை ஒரு நல்ல ஒளிப்பதிவாளருக்குக் கொடுத்து, நேரடி இசையுடன் ஒரு வர்ணத்தை வெட்டு ஒட்டு இல்லாமல் முழுமையாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உதவும்.

வளைகுடா வாய்ப்பு

இதில் எச்சரிக்கையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன். பார்வையாளர் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. விடுதியின் பெயர், வேலை நேரம், தங்குமிடம், ஊதியம் எல்லாம் எழுதிய ஒப்பந்தம் இங்கே கைக்கு வராமல் விமானம் ஏறக் கூடாது. ‘கலை நிகழ்ச்சி’ என்று அழைத்துச் சென்று மதுக்கூடத்தில் ஆட வைத்த புகார்கள் புதியவை அல்ல. வெளிநாட்டில் ஆடும் ஆசை நியாயமானது. அதற்கு இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தின் கலைஞர் பட்டியலில் இடம்பெற முயல்வது போன்ற நேர்வழிகள் இருக்கின்றன. தாமதமாகும், ஆனால் கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கும்.

வயதும் படிப்பும் அப்பா சொல்வதும்

இருபத்தைந்தோடு மேடை முடிந்துவிடும் என்பது உண்மையல்ல. அபிநயம் முதிர்வதே அதன் பிறகுதான் என்று நாட்டியக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இருபத்தைந்தில் உண்மையிலேயே மூடும் ஒரு கதவு உண்டு. உங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளங்கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கானது. மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள் மேற்பயிற்சிக்குக் கிடைக்கும். குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். குருவின் சான்றிதழ் தேவைப்படும் என்பதையும், ஆசிரியையிடம் நிதானமாகப் பேசச் சொன்னதற்கு இது ஒரு காரணம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 25-க்கு மேல் 40 வரை அதே அமைச்சகத்தின் இளநிலை ஆய்வுக்கொடை இருக்கிறது. அது மாதம் ரூ.10,000. தூர்தர்ஷன் நடத்தும் நடனத் தேர்வில் தரம் பெறுவதற்கும் இப்போதே தயாராகலாம்.

நாட்டியப் பட்டம் அரசுத் தேர்வுக்கு உதவாது என்ற உங்கள் அச்சம் தேவையற்றது. ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று கேட்கும் தேர்வுகளுக்கு, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் வழங்கிய உங்கள் பட்டமும் பட்டமே. பி.எட். விஷயத்தில் அப்பா அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். சேர்க்கை, பட்டப்படிப்பில் எடுத்த பாடத்தைப் பொறுத்தது. சேர்க்கை அறிவிப்பில் உங்கள் பாடம் இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

முதுகலை முடித்தால் கல்லூரிப் பேராசிரியர் ஆகிவிடலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதிலும் ஒரு படி விடுபட்டிருக்கிறது. முதுகலையில் 55 விழுக்காடும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), அதோடு நிகழ்த்துகலைப் பாடத்தில் நெட் அல்லது செட் எனும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வும் பொதுவாகத் தேவை. அதன் பிறகும் பணியிடங்கள் குறைவு. கல்லூரியைத் தாண்டியும் பாருங்கள். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரம், தவில், தேவாரம் போன்றவற்றோடு பரதநாட்டியமும் ஒரு பாடம். ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் நடன ஆசிரியர்கள் பணியாற்றுகிறார்கள். தனியார் பள்ளிகளில் வேலை எளிதில் கிடைக்கும். ஆனால் அங்கே உங்கள் ஆண்டின் பாதி, ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு அமைத்துக் கொடுப்பதிலேயே போகும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். திரைப்படக் குழு நடனத்துக்குச் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும். அது வேறு பயிற்சி, வேறு உலகம்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது நட்டுவாங்கத்தை. ஒரு காலத்தில் இசை வேளாளர் மரபைச் சேர்ந்த ஆண் நட்டுவனார்களின் கையில் இருந்த அந்தக் கலையில் இன்று பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆடுபவர் தன் கையிலிருந்து செலவு செய்யும் அரங்கேற்றத்திலும் நட்டுவாங்கம் செய்பவருக்குச் சன்மானம் உறுதி. முழங்கால் தேய்ந்தபின்னும் தட்டுக்கழியைப் பிடிக்கலாம். கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்துவிட்டு மறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாளத்திலும் சொற்கட்டிலும் ஓராண்டு கடுமையாக உழைத்தால், உங்கள் ஊரிலிருந்தபடியே நாலு ஊருக்குப் போய்வரும் தொழில் அது.

வருமானம் வரத் தொடங்கியதும் அதற்குக் கணக்கு வையுங்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் பதறாதீர்கள். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். செவ்வியல் நடன நிகழ்ச்சிக்குக் கலைஞர் பெறும் தொகை ரூ.1.5 லட்சத்துக்கு மிகாதபோது அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர்ப் பயணங்களிலோ ஒத்திகையிலோ யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால், சம்பளம் வாங்காத பயிற்சியாளர் என்பதால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எண்ண வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றிப் பணியாற்றுபவரையும் பயிற்சி பெறுபவரையும் ஊழியர் என்றே கொள்கிறது. பள்ளியில் பத்துப் பேருக்குக் குறைவாகவே பணியாற்றினால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம், சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் செய்யலாம்.

ஆசிரியை திருத்திய ஒப்பந்தத்தைக் கொடுத்தால் அங்கேயே கையெழுத்திடாமல் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. அப்பாவையும் உடன் அழைத்துச் சென்று, தாளை அங்குள்ள வழக்கறிஞரிடம் காட்டி ஒவ்வொரு வரியையும் படித்து விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மாதம் எவ்வளவு வரப்போகிறது என்பது அப்பாவுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.